நலம் விசாரிக்கும் ஊர்

(மீஞ்சூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து அன்பர்களும் உழவர் பெருமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

 

பஞ்சாயத்தைச் சேர்ந்தவர்கள் கூடினால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, கால்வாய் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவை யாவும் பேசப்பட வேண்டியவைதாம். எனினும் இன்று அவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு சிறு விஷயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒருவரை ஒருவர் காணும்போது நாம் என்ன சொல்லிக் கொள்கிறோம் என்பதே அது. ‘வாருங்கள்’ என்கிறோம், ‘சாப்பிட்டாயிற்றா?’ என்கிறோம், ‘ஊரில் எல்லோரும் சௌக்கியமா?’ என்று கேட்கிறோம். இதற்குப் பணச் செலவு இல்லை. திட்ட மதிப்பீடு இல்லை. மேலதிகாரியின் அனுமதியும் வேண்டுவதில்லை. ஆயினும் இப்பழக்கம் ஓர் ஊரில் அற்றுப் போகுமானால், எத்தனை இலட்சம் ரூபாய் செலவிட்டாலும் அதை மீண்டும் கொண்டுவருதல் எளிதன்று.

மீஞ்சூர் நிற்கும் இடம்

இந்தப் பேச்சுக்கு மீஞ்சூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்தால் மீஞ்சூர் வருகிறது. அதற்கு அப்பால் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று பாதை நீள்கிறது. தெற்கே நோக்கினால் ஆலைகளின் புகைபோக்கிகள். வடக்கே நோக்கினால் நெல் வயல்கள். பட்டணமும் நாட்டுப்புறமும் கைகோக்கும் இடத்தில் இவ்வூர் இருக்கிறது.

வரதராஜப் பெருமாளும் ஏகாம்பரேசுவரரும் கோயில் கொண்டிருப்பதால் வடகாஞ்சி என்று பெயர் பெற்ற பழைய ஊர் இது. இதைச் சுற்றிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏற்பட்ட மாறுதல்கள் பல. 1990களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. 2010ஆம் ஆண்டில் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் வந்தது. வண்டலூரிலிருந்து புறப்படும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர்.

ஆகவே முன்பு தெருவில் எதிர்ப்பட்டவர் யார் மகன், யார் மருமகள் என்று நாம் அறிந்திருந்தோம். இன்று எதிர்ப்படுபவர் யாரென்று தெரிவதில்லை. தெரியாதவரைக் கண்டால் என்ன செய்வது? பார்த்தும் பாராததுபோல் போய்விடுவதா? அல்லது ஒரு சொல் சொல்வதா? நம் ஊர் பட்டணமாகப் போகிறதா, ஊராகவே இருக்கப் போகிறதா என்பது இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்திருக்கிறது.

ஆங்கிலம் பேசுவோரின் வழக்கம்

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ‘குட் மார்னிங்’ சொல்லக் கற்கிறார்கள். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. கைபேசியை எடுத்தால் படித்தவர், படிக்காதவர் எல்லோருமே ‘ஹலோ’ என்கிறோம். ஆகவே ஆங்கிலம் பேசும் மக்கள் இவற்றை எவ்வாறு வழங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நலம்.

‘ஹலோ’ என்பது தொடக்கத்தில் தொலைவில் இருப்பவரைக் கூவி அழைக்கும் ஓர் ஒலியே. தொலைபேசி வந்த புதிதில், பேச்சை எப்படித் தொடங்குவது என்ற கேள்வி எழுந்தது. அதைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், கப்பலோட்டிகள் கூவும் ‘அஹாய்’ என்னும் சொல்லை விரும்பினார். எடிசன் 1877ஆம் ஆண்டில் ‘ஹலோ’ என்பதைப் பரிந்துரைத்தார். எடிசனின் சொல்லே நிலைத்தது. உலகெங்கும் பரவி நம் வயல்வரப்பு வரையிலும் வந்துவிட்டது.

‘குட் மார்னிங்’ என்பது நண்பகல் வரையில். பிறகு ‘குட் ஆஃப்டர்நூன்’. மாலையில் ‘குட் ஈவினிங்’. ஆனால் ‘குட் நைட்’ என்பது பிரியும்போது சொல்வது. இரவில் ஒருவரைச் சந்தித்தவுடன் சொல்வதன்று. நம்மவர் பலர் இதில் தடுமாறுவதுண்டு. ‘குட் பை’ என்பதோ ‘கடவுள் உம்முடன் இருப்பாராக’ என்று பொருள்படும் ஒரு பழைய வாசகம் தேய்ந்து உருவான சொல். நாம் ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்வதில்லையா? பிரிவு நல்லபடியாக அமைய வேண்டும் என்னும் ஆசை எல்லா மக்களுக்கும் பொதுவானது.

இவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது ‘ஹவ் ஆர் யூ?’ என்பது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பது இதன் பொருள். நம் ஊரில் இவ்வாறு கேட்டால், முழங்கால் வலி முதல் மகள் பிரசவம் வரையில் சொல்லத் தொடங்குவோம். கேட்டவரும் நின்று கேட்பார். ஆங்கிலம் பேசும் நாடுகளிலோ ‘நலமே, நன்றி’ என்று சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் ‘ஆல் ரைட்?’ என்று கேட்பதும் இப்படியே. புதிதாக அங்கே சென்ற நம்மவர், ‘நமக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார்களோ?’ என்று திகைப்பதுண்டு. கேள்வியின் உருவில் இருந்தாலும் அது கேள்வியன்று. ‘உம்மைக் கண்டுகொண்டேன்’ என்பதற்கான ஓர் அடையாளமே. அது வெறும் சடங்கு என்று நாம் இகழ வேண்டியதில்லை. கண்டுகொள்ளாமல் போவதைவிட அது எவ்வளவோ மேலானது.

அங்கும் பட்டணம் வேறு, நாட்டுப்புறம் வேறு

ஆங்கிலேயர் யாவரும் ஒதுங்கியே வாழ்பவர்கள் என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்து ஒற்றையடிப் பாதைகளில் நடப்பவர்கள், முன்பின் தெரியாதவர் எதிரே வந்தாலும் ‘குட் மார்னிங்’ சொல்வார்கள். வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசுவார்கள். அதே மனிதர்கள் இலண்டனுக்கு வந்து சுரங்க இரயிலில் ஏறிவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் முகத்தையும் நோக்குவதில்லை. அமெரிக்காவின் கிராமப்புறங்களில் வண்டியோட்டிச் செல்லும் உழவர், எதிரே வரும் வண்டிக்காரரைக் கண்டு சுக்கானிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். அதுவே அங்கு வணக்கம். நியூயார்க்கில் அப்படி விரல் உயர்த்தினால் ஒரு நாளில் கை ஓய்ந்துவிடும்.

இதைப் பற்றி 1977ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. நியூமன், மக்காலே என்னும் இருவர் அமெரிக்காவில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்று பிலடெல்பியா என்னும் பெருநகரம். மற்றொன்று பிரின் மார் என்னும் புறநகர். மூன்றாவது பார்க்ஸ்பர்க் என்னும் நாட்டுப்புறச் சிற்றூர். தபால் நிலையத்திலும் கடைவாசலிலும் வந்துபோவோரின் கண்ணைப் பார்த்து, அவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கணக்கெடுத்தனர். சிற்றூரில் கண்ணோடு கண் நோக்கியவர் அதிகம். புறநகரில் அதைவிடக் குறைவு. பெருநகரில் மிகக் குறைவு. இம்மூன்று ஊர்களும் ஒரே இருப்புப்பாதையில் அமைந்தவை. நம் பாதையில் சென்னை, மீஞ்சூர், அதற்கு வடக்கே உள்ள கிராமங்கள் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், நாம் பிரின் மார் இருக்கும் இடத்தில் இருப்பது விளங்கும்.

பட்டணத்தார் கல்நெஞ்சர் என்பது இதன் பொருளாகாது. ஜெர்மானிய அறிஞர் சிம்மல் 1903ஆம் ஆண்டிலும், அமெரிக்க அறிஞர் மில்கிராம் 1970ஆம் ஆண்டிலும் இதற்குக் காரணம் கூறியிருக்கின்றனர். நாளொன்றுக்கு ஆயிரம் முகங்களைக் காண்பவன் அத்தனை பேருக்கும் மனத்தில் இடம் கொடுக்க முடியாது. ஆகவே தன்னைக் காத்துக்கொள்ளக் கதவைச் சாத்திக் கொள்கிறான் என்பது அவர்கள் கருத்தின் சாரம். காலை இரயிலில் நெருக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள்; இது உண்மையென்று சொல்வார்கள். நாம் கவலைப்பட வேண்டியது, இரயிலில் சாத்திய கதவை ஊருக்குள் வந்த பின்னும் திறவாதிருக்கும் பழக்கத்தைப் பற்றித்தான்.

நம் விசாரிப்பில் உள்ள பொருள்

நாட்டுப்புறத்து விசாரிப்பு வெறும் உபசாரம் அன்று. ‘மழை உண்டா?’, ‘நாற்று விட்டாயிற்றா?’, ‘மாடு தேறியதா?’ என்னும் ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு செய்தி கைமாறுகிறது. தேவைப்பட்டால் ஓர் உதவியும் கைமாறுகிறது.

நம் வட்டாரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1960களில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் ஆரணியாறு, கொசத்தலையாறு வடிநிலத்தின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணறுகள் அமைத்து நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சி நீர் இறைக்கப்பட்டதனால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே புகுந்தது. 1987ஆம் ஆண்டில் சென்னை மாநகரப் பகுதியின் நிலத்தடி நீரைக் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உப்பு நீர் நிலத்தடியில் வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த வயல்காரரை வழியில் கண்டு, ‘உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது?’ என்று கேட்பவரே முன்கூட்டி அறிவார். இத்தகைய கேள்வியை ஆங்கிலத்து ‘ஹவ் ஆர் யூ’வுடன் ஒன்றாக எண்ணலாகாது. இது பயிரைக் காக்கும் விசாரிப்பு.

பழைய ஊரின் குறை

எனினும் உண்மையை மறைத்துப் பேசுவது முறையன்று. பழைய ஊரில் எல்லோரும் எல்லோரையும் விசாரித்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். வேறு சிலர் வயதில் மூத்தவரையும் ‘வாடா, போடா’ என்று அழைத்தார்கள். டாக்டர் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடம் என்று கடுமையாகக் கண்டித்தது இத்தகைய அனுபவங்களை மனத்தில் கொண்டே. யாரும் யாரையும் அறியாத பட்டணத்தில் பலர் மூச்சு விட்டு வாழ முடிந்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் பேசும் நாட்டிலும் இப்பூசல் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர் என்னும் கூட்டத்தார், பிரபுக்களின் முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். உயர்ந்தோர், தாழ்ந்தோர் எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்தார்கள். அதற்காகச் சிறைக்கும் சென்றார்கள். நம் நாட்டிலும் 1925ஆம் ஆண்டில் தோன்றிய சுயமரியாதை இயக்கம் மனிதருக்கு மனிதர் தாழ்ந்து நிற்கலாகாது என்று போராடியது. நாம் இன்று எல்லா மேடைகளிலும் சொல்லும் ‘வணக்கம்’ என்ற சொல்லின் சிறப்பே, அதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உயர்வு தாழ்வு இல்லை என்பதுதான். ஆகவே பழைய ஊரின் அன்பையும் புதிய காலத்தின் சமத்துவத்தையும் ஒருங்கே கொள்ளும் விசாரிப்பே நமக்கு வேண்டும். கூலிக்கு வந்தவரையும் ‘வாருங்கள்’ என்று அழைக்காத ஊர், எத்தனை பசுமையாக இருந்தாலும் நல்ல ஊர் ஆகாது.

உயிர் காக்கும் சொல்

இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கருதலாம். அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம்.

1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் வெப்பம் தாக்கியது. சில நாட்களுக்குள் 700க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் தனியே வாழ்ந்த முதியோர் மிகுதி. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டினுள்ளேயே இறந்து கிடந்த பலரை அண்டைவீட்டார்கூட உடனே அறியவில்லை. எரிக் கிளைனன்பர்க் என்னும் சமூகவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நகரில் அடுத்தடுத்து உள்ள இரண்டு பகுதிகளை அவர் ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகளே மிகுதி. நார்த் லான்டேல் என்னும் பகுதியில் இலட்சம் பேருக்கு 40 பேர் வீதம் மாண்டனர். அடுத்த பகுதியிலோ அவ்வீதம் 4க்கும் குறைவு.

என்ன வேறுபாடு? முதல் பகுதியில் ஆலைகளும் கடைகளும் மூடப்பட்டுத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. முதியோர் வெளியே வர அஞ்சினர். அடுத்த பகுதியில் கடைகள் இருந்தன. நடைபாதையில் மக்கள் நடமாடினர். வழியில் கண்டவர் ஒருவரோடொருவர் பேசினர். முதியோர் துணிந்து வெளியே வந்து குளிர்ச்சியான கடைகளில் தங்கினர். அங்கு ஸ்பானிய மொழி பேசி, மெக்சிகோவிலிருந்து குடியேறிய மக்களே மிகுதி. அப்பகுதியின் பெயர் லிட்டில் வில்லேஜ். அதாவது ‘சிறிய கிராமம்’! ஒரு பெருநகரின் நடுவிலும் கிராமம் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அப்படியானால், வயல்களின் நடுவிலும் பட்டணம் வந்து குடியேறிவிட முடியும் என்பதையும் நாம் உணர வேண்டும்.

நமக்கும் இது அயலான செய்தியன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் நம் மாவட்டம் கண்டது. வெள்ளம் வரும் இரவில் எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த அறையில் கைக்குழந்தையோடு வடநாட்டுக் குடும்பம் தங்கியிருக்கிறது என்பதைத் தினந்தோறும் விசாரிப்பவரே அறிவார். படகு பிறகு வரும். முதலில் வரவேண்டியது அந்த அறிவு.

செய்யத்தக்கவை

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் உடனே தொடங்கக்கூடிய சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, ஊருக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் முதல் வாரத்துக்குள் தெருக்காரர் ஒருவர் சென்று பார்த்தல் வேண்டும். தண்ணீர் எந்நேரம் வரும், குப்பை எங்கே சேர்க்க வேண்டும், ரேஷன் கடையும் ஆரம்ப சுகாதார நிலையமும் எங்கே உள்ளன என்று சொல்லிவிட்டு வருவதே சிறந்த வரவேற்பு.

இரண்டாவதாக, வெளிமாநிலத் தொழிலாளரைக் கண்டால் முகம் திருப்புதல் கூடாது. நம் பக்கத்தில் தமிழரும் தெலுங்கரும் நெடுங்காலமாகக் கலந்து வாழ்கிறோம், ‘சௌக்கியமா?’ என்று ஒருவர் கேட்க, ‘பாகுன்னாரா?’ என்று மற்றவர் கேட்பது நமக்குப் பழகியதே. இன்று ‘நமஸ்தே’ என்பதற்கு ‘வணக்கம்’ என்று விடை கூறினால் நம் மொழிக்கு ஒரு குறைவும் வாராது. அவரும் விரைவில் ‘வணக்கம்’ சொல்லக் கற்றுக்கொள்வார். புயல் எச்சரிக்கை வரும்போது அது அவர் காதுக்கும் எட்டுவதற்கு அந்த ஒரு சொல் வழி திறந்துவிடும்.

மூன்றாவதாக, தெருவாரியாகத் தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கட்டும். மகன் சென்னையிலோ துபாயிலோ இருக்க, தனியே வாழும் தாய் தந்தையர் இன்று எல்லா ஊர்களிலும் உண்டு. மழைக் காலத்திலும் அக்கினி நட்சத்திரத்திலும் நாள்தோறும் ஒருவர் அவர்கள் வாசலில் நின்று, ‘அம்மா, எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பதில் வரும்வரையில் காத்திருக்க வேண்டும்.

நான்காவதாக, கிராம சபைக் கூட்டம். நம் மாநிலத்தில் 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாவரும் அதன் உறுப்பினர்களே. அங்கே வருபவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் வாசலில் ஒரே வணக்கமும் உள்ளே ஒரே வரிசை இருக்கையும் கிடைக்க வேண்டும். அழைத்து உட்கார வைக்கப்பட்டவரே வாய் திறந்து தம் குறையைச் சொல்வார். ஓரத்தில் நிற்க வைக்கப்பட்டவர் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவார். தீர்மானப் புத்தகம் நிறையும், ஊர் நிறையாது.

ஐந்தாவதாக, சந்திக்கும் இடங்களைக் காத்தல். பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கரும் அதில் அமர்ந்தார். இன்று திண்ணை போய்ச் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. வீட்டுக்காரர் இட்ட கதவைப் பஞ்சாயத்து எடுக்க முடியாது. ஆனால் ஆலமரத்தடி மேடை, நூலகம், குளக்கரை, பேருந்து நிற்குமிடத்து நிழற்குடை ஆகியவை பஞ்சாயத்தின் கையில் உள்ளவை. சாலையை அகலப்படுத்தும்போது ஒரு மரத்தடி மேடை போகுமானால், வேறோரிடத்தில் அதற்கு ஈடான மேடை எழ வேண்டும். மனிதர் நின்று பேச இடமில்லாத ஊரில் விசாரிப்பும் நிலைப்பதில்லை.

முடிவாக

பட்டணம் வளர்வதை யாராலும் தடுக்க இயலாது; தடுக்க வேண்டியதும் இல்லை. இரயிலும் ஆலையும் துறைமுகமும் நம் பிள்ளைகளுக்கு வேலை தந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல் நம் பிள்ளைகளின் நாவில் வருவதாலும் குற்றமில்லை. ‘குட் மார்னிங்’ சொல்லும் பிள்ளை, நின்று மறுமொழியையும் கேட்கக் கற்றுக்கொள்ளுமானால் அது நம் ஊர்ப் பிள்ளையே. ‘வணக்கம்’ என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாராமல் நடப்பவரோ, இங்கேயே பிறந்திருந்தாலும் பட்டணத்தார்தாம்.

மண்ணில் புகுந்த உப்பு நீரைப் பின்வாங்கச் செய்வதற்குப் பல்லாண்டுகள் பிடிக்கும். அரசாங்கமும் அறிஞர்களும் பாடுபட வேண்டும். மனிதர் மனத்தில் புகும் உப்பை அகற்ற ஒரு சொல் போதும். அதை இன்று மாலையே சொல்லலாம். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் தெரியாத முகம் ஒன்று எதிர்ப்படுமானால், அன்பர்களே, நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள்.